ஆற்றலுக்கு ஏற்ற தவம்

(விழாவின் மகளிர் அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருவிழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது மங்கலமன்று என்று கருதுவோர் உண்டு. ஆயினும் நாள்தோறும் அபிடேகத்திற்கு வந்து நின்ற ஓர் அம்மையார் திடீரென்று வருவதை நிறுத்திவிடுவதும், வினவினால் “உடம்பு சற்றுச் சரியில்லை” என்ற ஒரு சொல்லோடு இல்லத்தார் நிறுத்திக்கொள்வதும், ஆறு திங்கள் கழித்துத் தலையில் முக்காடிட்டு அவர் மீண்டும் வரும்போது எவரும் எதுவும் கேளாதிருப்பதும் ஊர்தோறும் காணும் காட்சிகளே. அந்த ஆறு திங்கள்களில் மூடிய கதவுக்குப் பின்னே நடப்பதைப் பற்றியதே இவ்வுரை. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி என்னும் மருந்தேற்றம் பெறும் ஒரு சமணப் பெண், மருந்தின் பக்கவிளைவுகளையும் தம் நோன்பு நெறிகளையும் ஒருசேர எவ்வாறு கொண்டு செல்வது என்பதே இங்குப் பொருள்.

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். வந்தவாசிக்கு அருகே ஒரு சிற்றூர். அம்மையாருக்கு அகவை ஐம்பத்தைந்து. இருபது ஆண்டுகளாக இரவுண்ணாமை காப்பவர். கதிரவன் மறைந்தபின் தண்ணீரும் அருந்தாதவர். கந்தமூலம் தொடாதவர். அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உபவாசம் இருப்பவர். சென்னையில் முதல் மருந்தேற்றம் முடிந்து ஊர் திரும்பிப் பத்தாம் நாள் சதுர்த்தசி வருகிறது. மாலையில் உடல் சுடுகிறது. “அத்தை, கை இப்படிக் கொதிக்கிறதே?” என்கிறார் மருமகள். “ஒன்றுமில்லையம்மா, வெயிலில் துணி உலர்த்தினேன், அதுதான்” என்று அவர் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சொன்னால் மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரைக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். இருபது ஆண்டு நோன்பு கெடும். விடிந்ததும் சொல்லலாம் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதை உணர, மருந்து உடலில் செய்வதைச் சற்றே அறிதல் வேண்டும். புற்றணுக்கள் விரைந்து பெருகுபவை. விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குமாறு இம்மருந்துகள் அமைந்துள்ளன. ஆனால் உடலில் இயல்பாகவே விரைந்து பெருகும் நல்லணுக்களும் உண்டு: மயிர்க்கால்கள், வாயின் உட்தோல், குடலின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஊறும் இடம். மருந்து இவற்றையும் தாக்கும். முடி உதிர்தல், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு எல்லாம் இவ்வொரு காரணத்தால் விளைபவை. மார்பக நோய்க்குப் பெரிதும் வழங்கும் ஒரு முறையில் முதலில் டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்னும் இரண்டையும் சேர்த்து இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக 4 தடவை ஏற்றுவர்; பின்னர்ப் பாக்ளிடாக்சல் தொடரும். அதனை வாரந்தோறும் 12 தடவை ஏற்றுவதும் உண்டு. டாக்சோரூபிசின் செந்நிறமானது, ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு இரத்தமென அஞ்சவேண்டா. அதற்குப் பின்னும் சிவப்பு நீடித்தால், அல்லது எரிச்சலோடு வந்தால், அது வேறு. உடனே சொல்ல வேண்டும்.

இனி நோன்புக்கு வருவோம். தீர்த்தங்கரத் தன்மைக்குக் காரணமாகும் பதினாறு பாவனைகளை உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வரிசைப்படுத்துகிறார். பூசை வேளைகளில் அப்பதினாறையும் பாடாத சமண இல்லம் அரிது. அவற்றுள் தவம் என்று வாளா கூறப்படவில்லை. ஆற்றலுக்கு ஏற்ற தவம் என்றே கூறப்பட்டிருக்கிறது. தியாகமும் அவ்வாறே. ஆற்றல் என்னும் அடைமொழி அங்கே அலங்காரத்திற்காக நிற்கவில்லை. உடலின் வலிமையை ஒளிக்காமலும் மீறாமலும் செய்வதே தவமென அது வரையறுக்கிறது. வலிமை இருந்தும் நோன்பைத் தவிர்ப்பவர்க்கு அச்சொல் ஒரு கண்டனம். வலிமையின்றியும் நோன்பில் நிற்பவர்க்கு அதே சொல் ஒரு கண்டனமே. இரண்டாவது பாதியைச் சமுதாயம் நெடுநாளாகச் செவிமடுக்கவில்லை. பத்து நாள் உபவாசம் முடித்தவரை மேளதாளத்தோடு அழைத்து வருகிறோம் என்னும் பெருமிதம், படுக்கையில் கிடக்கும் தாய்க்கு எத்தகைய குற்றவுணர்வைத் தரும் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

ஆதலின் முதல் மருந்தேற்றத்திற்கு முன்னரே செய்யவேண்டியது ஒன்றுண்டு. தாம் கொண்ட விரதங்கள் எவை, அவற்றை எவர் முன்னிலையில் ஏற்றார், எவ்வளவு காலத்திற்கு ஏற்றார் என்பதை நோயாளி ஒரு தாளில் எழுதி, விரதம் அளித்த முனிவரிடமோ ஆர்யிகையிடமோ, இயலாவிடில் மேல்சித்தாமூர் மடத்திலோ ஊர்ப் பெரியோரிடமோ, மருத்துவ காலத்திற்கான தளர்வைக் கேட்டுப் பெற்றுவிடுவது நல்லது. நோயின் நடுவே நள்ளிரவில் தனியாக முடிவெடுக்கும் சுமை அதனால் நீங்கும். விரதத்தில் தவறு நேர்ந்தால் பிராயச்சித்தம் உண்டு என்பதை அறியாத சிராவகி இல்லை. நீரின்றி வற்றிய சிறுநீரகத்திற்கு அப்படியொரு பரிகாரம் கிடையாது.

எல்லாவற்றிலும் இடர்ப்பாடு மிகுந்தது இரவுத் தண்ணீரே. சைக்ளோபாஸ்பமைடு உடலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள் சிறுநீரோடு வெளியேறுகிறது. அது சிறுநீர்ப்பையின் உட்சுவரை உறுத்தக்கூடியது. நீர் நிறையக் குடித்து அடிக்கடி கழித்துவிட்டால் அது தங்காது. மாலை ஆறு மணிக்குமேல் நீரை நிறுத்திக் காலை வரை சிறுநீரை அடக்கிப் படுத்தால், பன்னிரண்டு மணிநேரம் அந்தப் பொருள் செறிந்து பையிலேயே நிற்கும். எரிச்சலும், சிலபோது இரத்தப்போக்கும் அதனால் வரக்கூடும். இரவு நீர் அருந்தாத ஒருவர் வாயிலாக மருத்துவர் இதை முன்பே அறிந்திருந்தால் எளிய வழிகள் சில உள்ளன. மருந்தேற்றத்தைக் காலை முதல் வேளையில் வைக்குமாறு கேட்கலாம். அப்போது மருந்தோடு நரம்பு வழியே செல்லும் நீரும், பகல் முழுதும் குடிக்கும் நீரும் சேர்ந்து மாலைக்குள் பெரும்பகுதியைக் கழுவிவிடும். படுக்கப் போகுமுன் சிறுநீர் கழிப்பதும், நடுவில் ஒருமுறை எழுவதும் வழக்கமாக வேண்டும். இவ்வளவும் செய்தபின்னும் மருந்தேற்றிய நாளிலும் மறுநாளிலும் இரவில் நீர் அருந்துவதே பாதுகாப்பு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ள இரவில் அதைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை. கொதிக்கவைத்து ஆறிய, வடிகட்டிய நீரைத் தலைமாட்டில் மூடி வைத்துவிடுவது மருமகளின் வேலையாகட்டும்.

குமட்டலுக்கு வருவோம். முற்காலத்தில் இம்மருந்துகளுக்கு மக்கள் அஞ்சியதற்கு முதற்காரணம் வாந்தி. இன்று அதனைப் பெருமளவு அடக்கவல்ல மருந்துகள் உள்ளன. ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன், ஓலான்சபின் போன்றவை. ஆனால் அவை வாந்தி வந்தபின் விழுங்குவதற்காக அல்ல, வராமல் காப்பதற்காகத் தரப்படுபவை. குமட்டல் முதல் நாளோடு முடிவதில்லை. இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை பின்தொடர்ந்து வருவதும் உண்டு. எனவே சீட்டில் எழுதிய வேளைப்படி, குமட்டல் இல்லாவிட்டாலும், உட்கொள்ள வேண்டும். இரவு மாத்திரையைக் காலைக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் சமண இல்லங்களில் எளிதாக நுழைந்துவிடும். எந்த மாத்திரையை மாலை ஐந்தரைக்கு நகர்த்தலாம், எதை நகர்த்தக் கூடாது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். டெக்சாமெத்தசோன் உறக்கத்தைக் கெடுப்பதால் அதைப் பெரும்பாலும் காலையில் உணவுக்குப் பின் தருவர்; அதில் சிக்கலில்லை. ஓலான்சபின் உறக்கம் தருவதால் அதனை இரவில் தருவதே வழக்கம். சிறிதளவு நீரோடு அதை விழுங்குவதற்கான தளர்வைத்தான் முன்கூட்டிப் பெறச் சொன்னது. ஒண்டான்செட்ரான் மலச்சிக்கல் உண்டாக்கும் என்பதையும் நினைவிற்கொள்க.

மருந்துக்குமிழ்களின் உறை விலங்குப் பொருளான ஜெலட்டினால் ஆனதாயிற்றே என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. நேர்மையான ஐயம்தான். அதற்காக உறையைப் பிரித்துப் பொடியை நீரில் கரைத்துக் குடிப்பது தவறு; அளவும் வேகமும் மாறிவிடும். மாத்திரையாகவோ ஊசியாகவோ மாற்று உண்டா என்று கேட்டால் பல மருந்துகளுக்கு உண்டு. இல்லாதபோது மருந்தை மருந்தாகவே கொள்ளுதல் வேண்டும்.

குமட்டலுக்கு இஞ்சி நல்லதென்று அயலார் சொல்வர். பச்சை இஞ்சியைத் தவிர்ப்பவர்கள் வருந்துவர். உலர்ந்த சுக்கைப் பெரும்பாலான இல்லங்கள் ஏற்கின்றன. சிட்டிகை சுக்குப்பொடியை வெந்நீரில் இட்டுப் பருகுவது சிலருக்கு இதமளிக்கிறது. அது மாத்திரைக்குத் துணையாக இருக்கலாமே ஒழிய மாற்றாகாது. தாளிக்கும் மணமும் நெய் காயும் மணமும் சிலருக்குத் தாங்காது. அந்நாள்களில் சமையலறையை விட்டு அவரை விலக்கிவைப்பதும், ஆறிய உணவைத் தருவதும் பயன் தரும். ஆறிய உணவு என்றது அன்றே சமைத்து ஆறியதை. முதல்நாள் மிச்சத்தை அன்று.

இவ்விடத்தில் சமணச் சமையலறையின் பெருமையைச் சொல்லாமல் போகக் கூடாது. காய்ச்சி வடித்த நீர், அன்றன்று சமைத்த உணவு, பழையது உண்ணாமை, காய்களைப் பிரித்துப் பார்த்துக் கழுவுதல், பொழுது சாயுமுன் சமையல் முடித்தல் ஆகிய பழக்கங்களை எவரும் நோயாளிக்காகக் கண்டுபிடிக்கவில்லை. சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேராதிருக்கவே ஏற்பட்டவை. வெள்ளணு குறைந்த ஒருவருக்கு மருத்துவமனை எழுதிக்கொடுக்கும் தூய்மை விதிகளில் பெரும்பகுதி அவற்றோடு ஒத்துப்போகிறது. இடர் வருவது வீட்டுக்கு வெளியே. திருவிழாப் பந்தியில் நெடுநேரம் திறந்திருந்த உணவும், கைமாறி வரும் பிரசாதமும் அக்காலத்தில் வேண்டா. கூட்டம் மிகுந்த அபிடேக வேளையைவிட ஆளற்ற பிற்பகலில் ஜினாலயம் சென்று வருவது மேல்.

உணவில் மற்றொரு குழப்பம் கந்தமூலம். பீட்ரூட், கேரட் உண்ணாததால்தான் இரத்தம் ஊறவில்லை என்று உறவினர் சொல்ல, நோயாளி தம் நோன்பையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார். மருந்து மஜ்ஜையை ஒடுக்குவதால் இரத்தம் குறைகிறது. கிழங்கு உண்ணாததால் அன்று. மருந்து ஓயும்போது மஜ்ஜை மீளும். மிகக் குறைந்தால் இரத்தம் ஏற்றுவர். உண்மையில் கவனிக்கவேண்டியது புரதம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், இயன்றால் 1.5 கிராம் வரை வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள அம்மையாருக்கு 50 முதல் 75 கிராம். முட்டையை வற்புறுத்தும் உணவு ஆலோசகரிடம் சினம் கொள்ளவேண்டா, “முட்டை இல்லாமல் இந்த அளவை எப்படி நிரப்புவது?” என்று கேட்டால் அவரே வழி சொல்வார். பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, சோயா, பால், பன்னீர், எள், வேர்க்கடலையை ஏற்கும் இல்லங்களில் அதுவும். சமைக்காத நூறு கிராம் பருப்பில் புரதம் 20 கிராமுக்கு மேல் உண்டு. பயறு முளைகட்டியதாயின் பச்சையாக வேண்டா, வேகவைத்தே தருக. மூன்று வேளை நிறைய உண்ண இயலாதவர்க்குப் பொழுது சாய்வதற்குள் ஆறு வேளை சிறிது சிறிதாகத் தரலாம். விடியற்காலையில் தொடங்கினால் பகலுக்குள் ஆறு வேளை அடங்கும்.

நோன்பிருந்தால் கட்டியும் பட்டினியால் மாயும் என்றொரு பேச்சு அண்மைக்காலமாக உலவுகிறது. தவத்தில் பழகிய சமுதாயத்தில் அது எளிதில் வேரூன்றும். ஆய்வுகள் நடைபெறுவது உண்மை. ஆனால் மருந்தேற்ற காலத்தில் உபவாசம் இருப்பது பொதுவான மருத்துவ அறிவுரையாகவில்லை. எடை குறைந்தால் அடுத்த மருந்தேற்றமே தள்ளிப்போகக்கூடும். ஆவணியிலோ புரட்டாசியிலோ தசலட்சணப் பருவம் வரும்போது மருந்தேற்றம் நடந்துகொண்டிருந்தால், அப்பத்து நாள்களில் அவர் செய்யக்கூடிய தவம் வேறு. சாமாயிகம் உண்டு, சுவாத்தியாயம் உண்டு, பொறுமை என்னும் முதல் தருமம் அவருக்கு எஞ்சிய எவரினும் நன்றாகவே தெரிந்திருக்கும்.

வாய்ப்புண் வந்தவர்க்கு உணவே வலி. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி ஆப்பசோடாவும் அரைக்கால் தேக்கரண்டி உப்பும் கலந்து நாளில் பலமுறை கொப்பளித்துத் துப்பலாம். மென்மையான தூரிகை வேண்டும். மிளகும் புளியும் விலக்கி, குழைந்த அரிசியும் பருப்பும், ஆறிய கேழ்வரகுக் கூழும் தரலாம். விழுங்கவே இயலாத நிலை வந்தால் அது வீட்டு மருத்துவத்தின் எல்லை.

இப்போது வந்தவாசி இல்லத்திற்குத் திரும்பலாம். பத்தாம் நாள் என்பது தற்செயலன்று. மருந்தேற்றியபின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகக் கீழே இறங்கும் காலம். அப்போது உடலில் நுழையும் கிருமியை எதிர்க்கப் படை இல்லை. வழக்கமான தொற்றின் அடையாளங்களான வீக்கமும் சீழும் கூடத் தோன்றாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றே செய்தி. வெப்பமானியில் 100.4 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் காட்டினால், நள்ளிரவானாலும் சதுர்த்தசியானாலும் புறப்பட வேண்டும். முதலில் பாராசிட்டமால் விழுங்கிப் பார்க்கலாம் என்பது இங்குப் பொருந்தாது. அது காய்ச்சலை மறைக்குமேயன்றிக் கிருமியை ஒழிக்காது. குளிர்நடுக்கம் கண்டாலும், வெப்பமானி ஏறாமலே திடீரென்று சோர்ந்து துவண்டாலும் அவ்வாறே. இத்தகைய நோயாளிக்கு மருத்துவமனை சேர்ந்த ஒரு மணிநேரத்திற்குள் நரம்பு வழியே கிருமிக்கொல்லி தொடங்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் கொண்டுள்ள இலக்கு. ஒரு மணிநேரத்தை எண்ணும் நோய்க்கு, “விடிந்ததும் சொல்லலாம்” என்ற அம்மையார் பத்து மணிநேரம் கொடுத்துவிட்டார்.

வந்தவாசியிலிருந்து சென்னை நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆதலின் மருந்தேற்றம் தொடங்குமுன்பே மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டு வைக்க வேண்டும்: “இரவில் காய்ச்சல் வந்தால் எங்கே போவது?” ஊருக்கு அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் முதல் ஊசியைத் தொடங்கலாம், எந்த எண்ணில் அழைப்பது, எந்தத் தாள்களைக் காட்டுவது என்பன ஓர் அட்டையில் எழுதப்பட்டுப் பூசையறைக் கதவில் ஒட்டப்படட்டும். அங்கே ஒட்டினால் வீட்டிலுள்ள அனைவரும் பார்ப்பர். வெப்பமானி அம்மையாரின் கையில் இருக்கலாகாது. மருமகளிடமோ மகனிடமோ இருக்க வேண்டும். “எப்படி இருக்கிறது அத்தை?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்றே விடை வரும். அளந்து பார்த்தல் வேறு.

முடி உதிர்தல் உயிருக்கு ஊறு செய்வதன்று. ஆயினும் பெண்கள் பலர் அழுவது அதற்குத்தான். முதல் மருந்தேற்றத்திற்குப் பின் இரண்டு, மூன்று வாரங்களில் கொத்துக்கொத்தாக வரும். மருந்து முடிந்தபின் மீண்டும் வளரும். முதலில் சுருளாகவோ மென்மையாகவோ வேறுபட்டு வளர்வதும் உண்டு. இந்நேரத்தில் ஆறுதல் சொல்ல வருவோர், “முனிவர்களும் ஆர்யிகைகளும் கேசலோசம் செய்வதில்லையா? அப்படி நினைத்துக்கொள்” என்பர். நல்லெண்ணம்தான், ஆனால் ஏற்கத்தக்கதன்று. துறவியர் பற்றை விட்டபின் தம் கையாலேயே மயிரைக் களைகின்றனர். இவர் எதையும் விடவில்லை, இவரிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது. விரும்பி ஏற்ற துறவுக்குரிய பெருமையை விரும்பாத இழப்பின் மேல் சாத்தினால் அழும் உரிமையும் அவருக்கு இல்லாமற் போகிறது. முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்வது, மென்பருத்தித் துணி, வேண்டுவோர்க்குச் செயற்கை முடி என்பனவே உதவும். பக்கத்தில் அமர்ந்திருப்பது அவற்றினும் உதவும்.

பாக்ளிடாக்சல் காலத்தில் வேறொரு துன்பம். விரல் நுனிகளும் உள்ளங்கால்களும் மரத்துப்போகும். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சட்டையின் பொத்தான் மாட்டவும் கோலமாவு பிடிக்கவும் தடுமாறும். இதைச் சிறிய குறையென்று மறைத்தால் நெடுநாள் தங்கிவிடக்கூடும். சொன்னால் மருந்தளவை மாற்றுவார்கள். உணர்வற்ற கால்களோடு நண்பகல் கற்றரையில் வலம் வருவதும், திருமலைப் படிகளையோ பொன்னூர் மலைப் படிகளையோ வெறுங்காலோடு ஏறுவதும் வேண்டா. சூடும் முள்ளும் தெரியாது. புண் தெரிவது மறுநாள். காலையில் வலம் வருதலும், இரவில் உள்ளங்கால்களை ஒருவர் பார்த்துவிடுதலும் போதும். விளக்கேற்றும்போதும் கொதிகலம் இறக்கும்போதும் வேறொருவர் உடனிருக்கட்டும்.

சமுதாயம் சிறியது. எல்லா இல்லங்களும் எல்லா இல்லங்களுக்கும் உறவு. அதனாலேயே செய்தி பரவுமென்ற அச்சம் பெரிது. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தாயின் நோய் மறைக்கப்படுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வரும் மரபணுக் குறையால் உண்டாவன நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். குடும்பத்தில் பலருக்கோ மிக இளவயதிலோ வந்திருந்தால் மருத்துவரிடம் சோதனை பற்றிக் கேட்கலாம். எஞ்சியோர்க்கு ஐயுற இடமில்லை. தொற்றுநோயும் அன்று, தனித்தட்டும் தனிப்பாயும் எதற்கு? ஒரு விதி மட்டும் உண்டு. மருந்தேற்றியபின் ஏறத்தாழ 48 மணிநேரம் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். அவற்றைத் துடைப்பவர் கையுறை அணிக. கழிவறையில் இருமுறை நீர் ஊற்றுக. கருவுற்ற பெண் அப்பணியைச் செய்யாதிருக்க. அது மருந்துக்கு அஞ்சி, நோய்க்கு அஞ்சியன்று.

“முன்வினை” என்று சொல்லிவிட்டு எழுந்து போவோரும் உளர். வினைக் கொள்கை ஒருவர் தம்மைத் தாமே ஆராய்ந்துகொள்வதற்கு அருளப்பட்டது. பிறர் கட்டிலருகே நின்று தீர்ப்புச் சொல்வதற்கு அன்று. வலியையே இடைவிடாது எண்ணிக் கிடப்பதை ஆர்த்த தியானத்தின் ஒரு வகையாகவே ஆசிரியர் கூறினார். குமட்டலும் வலியும் அடங்கிய பொழுதில்தான் பஞ்ச நமஸ்காரம் முழுதாக மனத்தில் நிற்கும். ஆகவே வலிக்கு மருந்து கேட்பது மனவலிமை இன்மையன்று.

மிகவும் தயங்கிக் கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது. “இவ்வளவு துன்பப்படுவதைவிட சல்லேகனை ஏற்கலாமே?” ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதற்குரிய காலங்களைத் தெளிவாக வகுத்துள்ளார். அருங்கலச்செப்பு அந்நூலின் வழியே வந்த தமிழ் நூல் என்பது அவையினர் அறிந்ததே. அங்கே நோய் என்பது தீர்க்கும் வழியற்ற நோய். மார்பகத்தோடு நிற்கும் புற்றுநோய் இன்று பெரும்பாலும் தீர்க்கும் வழியுள்ள நோய். கீமோதெரபியின் வாந்தியும் சோர்வும் மருந்தின் விளைவுகள். மருந்து நின்றால் அவற்றுள் பெரும்பாலானவை நிற்பவை. அவற்றைக் கண்டு உணவை மறுப்பதற்குச் சல்லேகனை என்று பெயரிடுவது அம்மாநோன்புக்கே இழுக்கு. உணவு வேண்டாமென்று ஒருவர் மீண்டும் மீண்டும் சொன்னால், அவர் மனம் தளர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நான்கு தானங்களுள் ஒன்று மருந்து. அகத்தவங்கள் ஆறனுள் ஒன்று வையாவிருத்தியம். முனிவர்க்குப் பணிவிடை செய்வதையே அது முதன்மையாகக் குறிக்கும் என்றாலும், தம் வீட்டுப் படுக்கையில் கிடப்பவரை விட்டுவிட்டு அதைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இருபது நாளைக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு உடன் செல்ல ஓர் ஆள், அன்று வீட்டில் சமைக்க ஓர் ஆள், இரவில் வண்டி உள்ள ஓர் ஆள் என ஊருக்கு மூவர் பெயர் கொடுத்தால் அறக்கட்டளை ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். பணம் கொடுப்போர் பலர் உளர். இரவில் வண்டி எடுப்போர் சிலரே. கணவன்மாரும் ஒரு சொல் கேட்கட்டும். நாற்பது ஆண்டு பொழுது சாயுமுன் உங்களுக்கு உணவிட்டவருக்கு, பொழுது சாயுமுன் கஞ்சி வைக்கக் கற்றுக்கொள்வதற்கு எந்த விரதமும் தடையில்லை.

மருத்துவம் முடிந்து நோன்புகளை எப்போது மீட்டுக்கொள்வது என்றும் வினவுகின்றனர். இரவுண்ணாமையை முதலில் தொடங்கலாம். இரத்த அணுக்களும் எடையும் மீண்டதைச் சோதனையில் கண்டு, மருத்துவர் சரியென்ற பின். இரவு மாத்திரை எஞ்சியிருந்தால் அதன் நேரத்தை மாலைக்கு மாற்ற இயலுமா என்று அப்போதே கேட்டுக்கொள்க. பிறகு ஏகாசனம், அதன்பின் ஒரு சதுர்த்தசி உபவாசம். மறுநாள் பாரணைக்குப் பின் தலைசுற்றல் இல்லையென்றால் அடுத்த சதுர்த்தசி.